ஓரகத்தி அனுப்பிய லினக்ஸ்

“லேப்டாப் கேட்டா, விரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவைக் கொடுத்து அனுப்பியிருக்காங்க உங்க அண்ணி!”

அண்ணன் வீட்டிலிருந்து வந்த கணவன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள்.

“உன் லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகலையாம். உள்ளே இருக்கிற சிஸ்டம்தான் அதுக்குப் பாரமாம். அதை எடுத்துட்டு, இதுல இருக்கிற லினக்ஸ்ங்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டா ஓடுமாம்.”

“யாரு போடறது?”

“நீதான்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதிப்பகங்களுக்குப் புத்தகம் தட்டச்சு செய்து தருவது அவள் வேலை. லேப்டாப்புக்கு ஒன்பது வயது. ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். போன வாரம் நாற்பது பக்கம் அடித்து, சேமிக்கப் போகிற நேரத்தில் அப்படியே உறைந்துவிட்டது.

“அடுத்த தடவையும் தாமதமானா, வேற ஆளைப் பார்த்துக்கறோம்மா” என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் வாய்விட்டுக் கேட்டாள். மூத்த ஓரகத்தி பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவள். ஆபீஸில் ஒதுக்கிப் போட்டது ஒன்றாவது கிடைக்காதா? இல்லை, விவரம் தெரிந்த ஒரு ஆளையாவது அனுப்பக் கூடாதா?

போன் செய்தாள்.

“அக்கா, எனக்கு இதெல்லாம் வராது. நீங்களே ஒரு தடவை வந்து போட்டுக் கொடுத்துடுங்களேன்.”

“எனக்கு நேரமில்ல. உன் ஃபைலையெல்லாம் வேற இடத்துல எடுத்து வெச்சியா?”

“இல்லக்கா…”

“முதல்ல அதைச் செய். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்ல? திரையில வர்றதைப் படிச்சுப் படிச்சு அழுத்து. புரியலைன்னா கூப்பிடு.”

ஓரகத்தி போனை வைத்துவிட்டாள்.

ஃபைல்களையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தாள். பழையதை அழிக்கவா என்று திரை கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். அரை மணியில் புதுத் திரை வந்தது. வைஃபை வரவில்லை.

“அக்கா, வைஃபையைக் காணோம்.”

“காணோம்னா? நீ என்ன பண்ணினே?”

“நான் ஒண்ணும் பண்ணலைக்கா.”

“சரி, வை. அப்புறம் கூப்பிடறேன்.”

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். “உன் போனை வயர்ல மாட்டி அதுலேர்ந்து நெட் கொடு. டிரைவர்னு ஒரு இடம் இருக்கும், திற. அங்க வர்றதை டிக் பண்ணு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.”

வைஃபை வந்துவிட்டது.

மறுநாள், தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

“அதுக்குள்ள என்னடி அழுகை? பொறு!”

பதில் வர இரண்டு மணி நேரம். அதற்கடுத்து பிரிண்டர். அதற்கு ஒரு நாள் முழுக்க. எதைக் கேட்டாலும் முதலில் திட்டு. அப்புறம்தான் பதில்.

“தெரிஞ்சதைச் சொல்றதுக்கு இத்தனை நேரமா? கெஞ்ச வெச்சுப் பார்க்கிறதுல ஒரு சந்தோஷம்!” என்று கணவனிடம் பொருமித் தீர்த்தாள்.

ஆனால் லேப்டாப் ஓடியது. அதுவல்லவோ ஓட்டம்! அரை நிமிஷத்தில் திறந்தது. மிக்ஸி மாதிரி இரைந்துகொண்டிருந்த விசிறி வாயை மூடிக்கொண்டது. முந்நூறு பக்கப் புத்தகத்தைச் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பினாள். பதிப்பாளர் அடுத்த புத்தகத்தையும் கையோடு கொடுத்துவிட்டார்.

“யாரு பெத்த பிள்ளைங்களோ, எந்த ஊரோ… பத்துப் பைசா வாங்காம இப்படி ஒண்ணைச் செஞ்சு கொடுத்திருக்காங்க. நல்லா இருக்கணும்!” என்று திரையைப் பார்த்து வாழ்த்தினாள்.

“அண்ணிக்கும் ஒரு நன்றி சொல்லிடேன்” என்றான் கணவன்.

“சொல்லாம இருப்பேனா? எப்படியும் பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கணும்ல.”

அவள் போன நேரம் ஓரகத்தி வீட்டில் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள்தான் கதவைத் திறந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஓரகத்தியின் லேப்டாப் திறந்தபடி இருந்தது. அதே திரை.

“அட, உங்கம்மாவும் லினக்ஸ்தானா?”

“அதை ஏன் கேக்கறீங்க சித்தி! நல்லா ஓடிட்டிருந்ததை அழிச்சுட்டு இதைப் போட்டாங்க. போன மாசம் வரைக்கும் அம்மாவுக்கு லினக்ஸ்னா சோப்பா சீப்பான்னே தெரியாது.”

“என்னடி சொல்றே? கம்ப்யூட்டர் கம்பெனியில…”

“அங்க அவங்க இருக்கிறது வேலைக்கு ஆள் எடுக்கிற பிரிவு சித்தி. பழைய லேப்டாப்புக்கு இதுதான் மருந்துன்னு ஆபீஸ்ல யாரோ சொன்னாங்களாம். உங்களுக்குச் சொல்லித் தரணும்னா முதல்ல தான் போட்டுப் பார்க்கணும்னு உட்கார்ந்துட்டாங்க. உங்களுக்கு வைஃபை வரலைன்னதும், இதுல வந்துட்டிருந்த வைஃபையை வேணும்னே கெடுத்து, அதைச் சரி பண்ணிப் பார்த்துட்டுதான் உங்களைக் கூப்பிட்டாங்க. தமிழ் எழுத்துக்கு மூணு பேருக்கு போன் பண்ணினாங்க. பிரிண்டருக்கு லீவே போட்டாங்க!”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பத்து வருஷத்தில், ‘அங்க உங்களுக்கு என்ன வேலைக்கா?’ என்று ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

“தனக்கும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே… அதை விட்டுட்டு என்னை ஏன் அப்படித் திட்டினாங்க?”

மகள் சிரித்தாள்.

“நானும் அதையேதான் கேட்டேன் சித்தி. ‘எனக்கும் தெரியாதுன்னு சொன்னா, பயந்துபோய் மூடி வெச்சிடுவா. திட்டினா, என் மேல இருக்கிற கோபத்துலயாவது செஞ்சு முடிச்சிடுவா’ன்னாங்க.”