பி பக்கத்தில் கடைசி

"கடைசிப் பாட்டு! அதுவும் பி பக்கத்துல! என்னைப் பார்த்தா உனக்கு அவ்வளவு இளக்காரமா இருக்கா, நோரீன்?"

ரஸ்ஸல் கேசட்டை மேஜை மேல் வீசினான்.

நோரீன் நிமிர்ந்து பார்த்தாள். மில் வேலி என்ற ஊரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவளுடைய இசைக் கம்பெனி. பியானோ, புல்லாங்குழல், கிதார் என்று தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, ஒரே கேசட்டாகத் தொகுத்து வெளியிடுவாள். வாய்ப்பாட்டு கிடையாது, டிரம்ஸ் கிடையாது. கேட்டால் மனசு அமைதியாகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ரஸ்ஸலுக்கு மட்டும் அந்தக் கேசட்டால் மனசு கொதித்தது.

"ஏன், என்ன ஆச்சு?"

"நம்ம கேசட்டை விக்கற புத்தகக் கடைக்காரர் என்னை ஒரு அம்மாவுக்கு அறிமுகப்படுத்தினார். உங்க கேசட் இல்லாம எனக்குத் தூக்கமே வராதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நானும் பல்லை இளிச்சுக்கிட்டு, என் கிதார் எப்படி இருக்குன்னு கேட்டேன். 'அடடா, அதுல கிதார் கூட இருக்கா? மூணாவது பாட்டுக்கே நான் தூங்கிடுவேனே'ங்கறாங்க!"

நோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்ல பேருதானே, ரஸ்ஸல்? ஒருத்தரைத் தூங்க வைக்கறது லேசுப்பட்ட காரியமா?"

"முதல் பாட்டு வாசிச்சவனுக்கு நல்ல பேரு. ஊரே குறட்டை விட்டப்புறம் நான் யாருக்கு வாசிக்கறேன்? சுவத்துக்கா?"

"அந்த இடத்தை நான் யோசிச்சுத்தான் உனக்குக் கொடுத்தேன்."

"அப்படி என்ன யோசனை? சொல்லேன், கேப்போம்."

நோரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொட்டாவிதான் வந்தது.

"பார்த்தியா! என்கிட்ட பேசினாலே உனக்குத் தூக்கம் வருது!"

"சாரி. வீட்டுல சரியாத் தூக்கமில்ல."

அவள் கணவர் கிளென் படுத்த படுக்கையாக இருப்பது ரஸ்ஸலுக்குத் தெரியும். இருந்த கோபத்தில் அவனுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை.

"இதையே சிடியா போடப் போறியாமே. அதுல என் பாட்டு முதல்ல வரணும். இல்லன்னா எடுத்துடு. லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு கம்பெனி கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

"அது ஆரம்பத்துல கேக்கற பாட்டு இல்ல, ரஸ்ஸல். கொஞ்சம் நிதானமா..."

"நிதானமெல்லாம் வேண்டாம். முதல் இடம் உண்டா, இல்லையா?"

நோரீன் கேசட்டைக் கையில் எடுத்தாள்.

"சரி, உன் இஷ்டம். முதல்லயே போட்டுடறேன்" என்றாள்.

சிடி வந்தது. அதுவரை முதலில் இருந்த, கடல் அலை ஓசையோடு புல்லாங்குழல் வாசித்தவர் கடைசி இடத்துக்குப் போனார். ரஸ்ஸலைக் கேட்கவா வேண்டும்? எந்தக் கடையில் நுழைந்தாலும் சிடியைப் போடச் சொல்லி, முதல் பாட்டு முடிகிறவரை நின்று ரசித்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

கோபம் தணிந்த பிறகுதான் நோரீனிடம் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று உறுத்தியது. ஒரு மத்தியானம் கேக் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்தவள் கிளெனின் அக்கா ஐரிஸ். அவள் ரஸ்ஸலை முன்பின் பார்த்ததில்லை.

"நோரீனோட ஃபிரண்டா? உக்காருங்க. சத்தம் போடாதீங்க, இப்பத்தான் தம்பி கண் அசந்தான்."

மூடியிருந்த அறைக்குள்ளிருந்து கிதார் ஒலி மெல்லக் கேட்டது. அவன் வாசித்ததுதான்.

"நோரீன் எங்கே?"

"அவளும் உள்ளேதான் இருக்கா. கொஞ்சம் பொறுங்க. இந்தப் பாட்டு ஓடறப்ப அவளை யாரும் கூப்பிடறதில்ல."

"ஏன்?"

"தம்பிக்கு எலும்புல புற்றுநோய். வலி வந்தா அவன் கத்தறதைக் காது கொடுத்துக் கேக்க முடியாது. இந்தப் பழைய கேசட்டைப் போட்டுட்டு, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. பியானோ வந்தா கொஞ்சம் அடங்குவான். கிதார் வர்றதுக்குள்ள தூங்கிடுவான். அதுவரைக்கும் அவ கண்ணுல பொட்டுத் தண்ணி வராது. இது ஆரம்பிச்சதும் கட்டில்ல தலையைச் சாய்ச்சு, அழுது தீர்த்துடுவா. முடிஞ்சதும் முகத்தைக் கழுவிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வெளியே வருவா. நாள் பூரா அவளுக்குன்னு இருக்கறது இந்த ஒரு பாட்டுதான்."

ரஸ்ஸல் கேக் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தன்னை நினைத்தே கூச்சமாக இருந்தது.

ஐரிஸுக்கு யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டியிருந்தது.

"இதைப் போய்ப் புது சிடில முதல்ல தூக்கிப் போட்டுட்டா, பாருங்க. நோயாளி பக்கத்துல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவங்க எத்தனை வீட்டுல இருக்காங்க! 'அவங்களுக்காகத்தானே கடைசில வச்சே, இப்ப எதுக்கு மாத்தினே?'ன்னு அவகிட்ட சண்டையே போட்டேன்."

"அதுக்கு... அவ என்ன சொன்னா?" என்று கேட்டான் ரஸ்ஸல்.

"வாசிச்சவர் ஆசைப்பட்டாராம். 'பாவம்க்கா அவர், தன் பாட்டை ஒருத்தரும் கேக்கறதில்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்'ங்கறா."