அமைதி அளவு

எஸ்தருக்கு ரத்தக்கொதிப்பு ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, அவள் கணவர் வேதமுத்து சமையலறைச் சுவர்த்திரையில் ஓடும் உலகச் செய்தி வரைபடத்தை, மேடுகளைத் தட்டையாக்கிக் காட்டும் 'அமைதி அளவு'க்கு மாற்றிவிட்டார். அவளிடம் சொல்லவில்லை. அதன்பிறகு எந்த நாட்டின் தினச் சாவு எண்ணிக்கையைக் காட்டும் கோடும் அந்தச் சுவரில் படுத்தே கிடந்தது. மூன்று வருஷத்தில், அதை மாற்றியதே அவருக்கு மறந்துபோனது.

போர் நடக்கும் ஊரில் நர்ஸாக இருந்த மகள் ஜெபா ஒருநாள் போன் செய்தாள். "அம்மா, இன்னிக்குத்தான் கடைசி விமானம். வந்துரட்டுமா?"

எஸ்தர் சுவரைப் பார்த்தாள். "கோடு அசையவே இல்லையேம்மா. ரெண்டு மாசந்தானே, முடிச்சிட்டே வா."

"ஆமா பாப்பா, பயப்படாத," என்றார் வேதமுத்தும்.

அந்தப் போரில் இறந்த ஜெபாவை அடக்கம் செய்த மறுநாள் எஸ்தர் சுவரைத் தடவித் தடவித் தேடினாள். "நம்ம பிள்ள போன நாள்ல ஒரு சின்ன மேடுகூட இல்லையேங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அளவைப் பழையபடி மாற்றினார். கோடு விட்டம்வரை எழும்பியது.

எஸ்தரின் விரல் கீழே தேதிகளில் பின்னோக்கி நகர்ந்து, ஜெபா போன் செய்த நாளில் நின்றது. அண்ணாந்து பார்த்தாள்.

"அன்னிக்கே இவ்வளவு உசரமா இருந்துச்சாங்க?"