கிட்டார் வரும் இடம்

அலமாரியில் அந்த கேசட்டைப் பார்த்ததும் உதயகுமாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சந்தேகமே இல்லை, அவனுடையதுதான். 'உதயா - மெட்டல்' என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவால் அவனே எழுதியது.

தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் சின்ன காஞ்சிபுரத்துக்கு, ஸ்ரீவர்தன் வீட்டுக்கு வந்திருந்தான். அதுவும் அம்மா விடாமல் நச்சரித்ததால்.

"அவனுக்கும் ஒண்ணு வெச்சிட்டு வாப்பா. உன் கூடவே சுத்திக்கினு இருந்த பையன்."

காபி டம்ளரோடு உள்ளேயிருந்து வந்த ஸ்ரீவர்தன், அவன் பார்வை போன இடத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

"தொலஞ்சி போச்சுன்னு சொன்னே?"

"சொன்னேன்."

"இத்தன வருஷமா அமுக்கி வெச்சிக்கினு இருந்திருக்கே. திருட்டுப் பய!"

ஸ்ரீவர்தன் டம்ளரை வைத்தான். கேசட்டை எடுத்துப் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டான்.

"முதல்ல கேளு. அப்புறம் திட்டு."

மாதா கோயில் பாட்டு மாதிரி ஒற்றை கிட்டார் அமைதியாக ஆரம்பித்தது. ஒரு மூச்சு இடைவெளி. டிரம்ஸ் இடியாக இறங்கியது.

கோபத்தையும் மீறி உதயகுமாரின் விரல்கள் தொடையில் தாளம் எண்ண ஆரம்பித்தன. ஏழு. மறுபடி ஏழு. நடுவில் ஒரு ஐந்து.

தொண்ணூற்றெட்டில் ஏனாத்தூரில் காலேஜ் படித்த நாட்கள். ப்ரோக்ரஸிவ் மெட்டல் என்கிற ராக் இசையைப் பற்றிச் சொன்னால் வகுப்பில் யாருக்கும் விளங்காது. உதயகுமாரின் பிள்ளையார்பாளையத்து வீட்டில், நாலு பக்கமும் தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே, இரண்டு பேரும் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு கிடப்பார்கள்.

"டேய், இது ஜாஸ்டா!"

"பியானோவைக் கேளு, வெஸ்டர்ன் கிளாஸிக்கல்!"

"ஐயோ, இந்த இடம் கரஹரப்ரியாடா! எங்க மாமா பாடறாப்பலயே இருக்கு!"

ஒரே பாட்டுக்குள் எத்தனை ஊர் இருக்கிறது என்று அதிசயப்பட்டுத் தீராது.

உதயகுமாரின் அப்பா வேணுகோபாலுக்கு மட்டும் அது பேய்ப் பாட்டு. "நிறுத்துடா அத!" என்று ஒருநாள் நண்பன் எதிரிலேயே கத்திவிட்டார். அந்த ரோஷத்தில் உதயகுமார் மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை. மெல்ல ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று பேச ஆரம்பித்த சமயத்தில்தான், கேசட்டை எடுத்துப் போய்த் தொலைத்துவிட்டதாக ஸ்ரீவர்தன் வந்து சொன்னான். அதோடு நட்பும் போயிற்று.

"இப்ப வரும்டா!" என்றான் உதயகுமார், தன்னை மறந்து. இரண்டு பேருக்கும் உயிரான இடம். டிரம்ஸ் அடங்கி, கிட்டார் மட்டும் தனியாகக் கிளம்பும் இடம்.

டக்.

கிட்டார் வரவில்லை. தறி ஓடும் சத்தம். கரகரப்பு. பிறகு ஒரு குரல்.

"இன்னாதான் கேக்குறான் இவன்... காமாட்சி, இது இன்னா, சத்தமே வரல?"

உதயகுமார் எழுந்து நின்றுவிட்டான். போன வருஷம் போய்ச் சேர்ந்த அப்பாவின் குரல்!

"அந்தச் செவப்புப் பட்டனையும் சேத்து அமுக்கிட்டீங்களா? ஐயையோ, அது ரெக்கார்டு பண்றதுங்க! புள்ள பாட்டு அழிஞ்சிக்கினு இருக்குது!" அம்மாவின் குரல்.

"அடக் கடவுளே... அவனுக்குப் புடிச்சத நானும் ஒரு தடவ கேட்டுப் பாக்கலாம்னுதான்... இப்பதான் கொஞ்சம் மூஞ்சி குடுத்துப் பேசறான். மறுபடியும்..."

டக். அழியாமல் மிச்சமிருந்த டிரம்ஸ் ஓடி முடிந்தது.

உதயகுமார் அதே இடத்துக்கு டேப்பை ஓட்டி, இன்னொரு முறை கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"அன்னிக்கு உன்னைத் தேடிண்டு வந்தேன்" என்றான் ஸ்ரீவர்தன். "நீ இல்லே. இதைக் கையில வெச்சுண்டு உங்கப்பா அழுதுண்டு நின்னார். நான்தான் வாங்கிண்டு வந்துட்டேன். அவர் போன அன்னிக்குக் கொடுத்துடலாம்னு எடுத்துண்டு வந்தேன். தெருமுனையில என்னைப் பார்த்ததும் நீ முகத்தைத் திருப்பிண்டே."

"ஏன்டா இப்படிப் பண்ணே? என்கிட்டயே சொல்லியிருக்கலாமே! இத்தன வருஷம்டா!"

ஸ்ரீவர்தன் கேசட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான்.

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? யாரோடயாவது பேசாம இருக்கத்தான் போறே. அது உங்கப்பாவா இருக்க வேண்டாம்னு தோணித்து."