சாப்பாடு மெல்ல முடிகிறதா?

“சாப்பாடு மெல்ல முடிகிறதா?”

“ஓம் பிள்ளை. மெல்லத்தான் முடியுது. ஒரு மணித்தியாலம் ஆகுது” என்றார் கதிர்காமநாதன்.

நிர்மலாதேவியின் பேனா நின்றுவிட்டது. அவள் கேட்டது பல்லால் மெல்லுவதை. அவர் சொன்னது மெதுவாக முடிவதை.

கொஞ்சம் வேலை செய்தாலே தசைகள் களைத்துப்போகும் நோய் அவருக்கு. அந்த நோயாளிகளிடம் ஆஸ்பத்திரியில் கேட்கும் ஆங்கிலக் கேள்விகளைத் தமிழாக்கியவள் நிர்மலா. அச்சுக்குப் போகுமுன் நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி, சரியாகப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஒடாஹுஹு புறநகரில் இருந்த அவர் வீட்டுக்கு வந்திருந்தாள், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில்.

தான் கேட்டது என்னவென்று விளக்கினாள்.

“அதை நாங்கள் சப்புறது எண்டெல்லோ சொல்லுவம்.”

“எங்க ஊரு ஈப்போவுல சப்புறதுன்னா மிட்டாய்தான் அங்கிள்.”

அவர் கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு சிரித்தார். நிர்மலா அந்த வரியை அடித்துவிட்டு, ‘உணவைப் பல்லால் கடித்து அரைக்கச் சிரமமா?’ என்று எழுதினாள்.

அதற்கு அவர் உடனே தலையாட்டினார். இரண்டு வாய் சோறு, பிறகு தாடைக்கு ஓய்வு. இன்னும் இரண்டு கிலோ எடை குறைந்தால் மூக்கில் குழாய் வைத்துத்தான் சாப்பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“என்னை விடுங்கோ. இவவை ஒருக்காக் கேளுங்கோ” என்று எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியைக் காட்டினார். “முந்தி அஞ்சு நிமிசத்தில சாப்பிட்டுட்டு ஓடுறவ. இப்ப எனக்குச் சமனா ஒரு மணித்தியாலம். இவவுக்கும் இந்த வருத்தம் வந்திட்டுதோ எண்டு பயமாக் கிடக்கு.”

மனைவி செல்வநாயகிக்கு மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் வேலை. இரண்டு மணிக்கு ஷிஃப்ட். இந்தச் சாப்பாட்டால் போன மாதம் மூன்று நாள் தாமதம், சூப்பர்வைசர் எச்சரித்துக் கடிதமே கொடுத்துவிட்டார் என்று கதிர்காமநாதன் குறைப்பட்டுக்கொண்டார். அந்த அம்மாவோ ஒரு பயற்றங்காய்த் துண்டைத் தட்டின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

நிர்மலா அவளிடமும் கேள்விகளைக் கேட்டாள். பேச, தலைவாரிக்கொள்ள, நாற்காலியிலிருந்து எழ, எதற்கும் சிரமம் இல்லை.

“கடித்து அரைக்க?”

செல்வநாயகி கணவனை ஒருமுறை பார்த்தாள். “கொஞ்சம் கஷ்டம்தான்” என்றாள்.

சொல்லிவிட்டு, அவர் தண்ணீர் குடிக்கத் தலை குனிந்த நேரத்தில், பொரித்த மோர்மிளகாய் ஒன்றை எடுத்து மொறுமொறுவென்று கடித்தாள்.

நிர்மலாவுக்குச் சுருக்கென்றது. வேலைக்குப் போகச் சோம்பல் என்றால் அதைச் சொல்லிவிட்டுப் போகலாமே. நிஜமாகவே நோயில் கிடக்கும் மனிதனிடம் அதே நோய் தனக்கும் என்று நடிப்பதா? தன் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை சாப்பிடப் படுத்தும் பாட்டைத் தினமும் பார்ப்பவள் அவள். தட்டில் விளையாடுபவர்களைக் கண்டாலே தெரிந்துவிடும்.

வாசல்வரை வழியனுப்ப வந்த செல்வநாயகியிடம் கேட்டே விட்டாள்.

“ஆன்ட்டி, உங்களுக்கு ஒன்னுமே இல்ல. அங்கிள் வீணா பயந்துகிட்டு இருக்காரு. உள்ள போய் நானே அவர்கிட்ட சொல்லிடட்டுமா?”

செல்வநாயகி கதவைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. நான் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவ எழும்பினா, ‘எனக்கும் போதும்’ எண்டு அவரும் பாதியிலயே எழும்பிவிடுவார்.”