‘ட’ வரைக்கும்

அவளுடைய விரல் ‘ட’வில் போய் நின்றது.

அவருக்கு அது போதும்.

“வேணும்ங்கிற. சரி தாயி, அப்பா இப்பவே வெட்டி விட்டுர்றேன்” என்றார். மகளுக்குப் பின்னால் போய் நின்று, பின்னலின் உச்சியில் ரப்பர் பேண்டை இறுக்கினார். கத்தரிக்கோலை எடுத்தார்.

எழுத்துப் பலகை மேசையில் சாய்ந்து நின்றது. மேல் வரிசையில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ. அதன் கீழே மற்ற உயிரெழுத்துகள். அதற்கும் கீழே க, ங, ச.

சாருமதிக்குப் பேச்சு வராது. சொல்ல வேண்டியதை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டுவாள். நினைத்த இடத்துக்குக் கை உடனே போகாது. முதலில் காதைத் தட்டும். மேசை விளிம்பைத் தட்டும். பிறகுதான் போனால் போகிறதென்று கிளம்பும்.

இதுவே போன வருடம் வந்த வரம். வளர்ந்த பெண், அவளுக்கு எழுத்து தெரியும் என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது.

பயிற்சி கொடுத்த ஜெசிந்தா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “வார்த்தைய நீங்க முடிச்சு வைக்காதீங்க சார். அவங்க கை வந்து சேரட்டும்.”

நன்றாகத்தான் தலையாட்டினார். பழக்கம் விட வேண்டுமே. டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். பயணி வாயைத் திறக்கும்போதே சீட்டைக் கிழித்து நீட்டிவிடுவார். ‘திரு’ என்ற மட்டில் திருப்பரங்குன்றமா திருமங்கலமா என்று ஆளின் பையைப் பார்த்தே கண்டுபிடிப்பார். அதில் ஏகப்பட்ட பெருமை.

வீட்டிலும் அதே கதைதான். அவள் ‘த’ தொட்டால் தண்ணீர் வந்து நிற்கும்.

முடியை வெட்டும் யோசனை அவருடைய தோள்பட்டையிலிருந்து வந்தது. வலது கை காதுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்கிறது. மனைவி போன பிறகு பின்னல் போடக் கற்றுக்கொண்டவர். முதலில் கோணல்மாணலாக வந்தது. பிறகு இடுப்பு வரைக்கும் ஒரே சீராக வந்தது. இப்போது சீப்பைத் தூக்கினாலே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

பார்க்க வந்த அக்கா சொன்னாள். “கிராப்பு வெட்டி விட்ருடா. அதுக்கென்ன தெரியவா போகுது?”

அந்த ‘அது’ அவரைச் சுட்டது. அதனால்தான் மகளிடமே கேட்டார். கிராப்பு வேணுமா, வேண்டாமா? கேட்டுவிட்டுச் செய்கிற அப்பன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட.

வ.

ஏ.

ண.

ட.

கத்தரிக்கோல் முதல் கடியில் வழுக்கியது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது. நறநறவென்று அறுத்துக்கொண்டு போய் நின்றது.

பின்னல் அவர் கைக்கு வந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் கை இன்னும் மடிக்குத் திரும்பவில்லை.

காதைத் தட்டியாகிவிட்டது. மேசை விளிம்பைத் தட்டியாகிவிட்டது. விரல் பலகையின் மேல் வரிசைக்கு ஏறிக்கொண்டிருந்தது. ‘ட’வுக்கு நேர் மேலே ‘உ’. அங்கே அது நிற்கவில்லை. நடுங்கி, நழுவி, இடப்பக்கமாகப் போனது.

ஆ.

பிறகு கீழே இறங்கி, ம.

அவளுக்கு எப்போதும் நூல் தமிழ்தான். தொலைக்காட்சிச் செய்தியின் அடியில் ஓடும் வரிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். ஊரே ‘வேணும்’ என்று சொல்லும். அதில் ‘ட’ கிடையாது. அவள் ‘வேண்டும்’ என்பாள். ‘வேண்டாம்’ என்பாள். ‘ட’ வரைக்கும் இரண்டும் ஒன்றுதான். நியூஸ் வாசிக்கிறியா தாயி என்று அவரே கேலி செய்திருக்கிறார்.

பின்னலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேசையில் போட மனம் வரவில்லை. சீட்டு மாறிப்போனால் அடுத்த நிறுத்தத்தில் விசிலடித்து இறக்கிவிடலாம். இதற்கு எங்கே விசிலடிப்பது?

“தாயி, அப்பா வந்து...”

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. முடித்து வைக்கவும் யாரும் இல்லை.

அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். பின்னல் மடியில் கிடந்தது. கழுத்தருகே நின்றுபோன முடி பிரிந்து அவள் கன்னத்தில் விழுந்தது. அதை ஒதுக்கிவிட அவர் கை எழுந்து, பாதியில் வலித்து, இறங்கியது. அவர் அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதார்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள்.

கை மறுபடி கிளம்பியது.

அ.

அப்பா என்று அவர் வாய் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டார்.

விரல் ‘ப’வைத் தாண்டியது. கடைசி வரிசைக்குப் போய்த் தடுமாறி நின்றது.

ழ.

அழாதே.

இல்லை, அழகு. மடியில் கிடக்கிற பின்னலின் அழகு.

இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அவர் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. ஒன்றைக் கேட்டால் அவர் பிழைத்துக்கொள்வார். இன்னொன்றை எப்படித் தாங்குவதென்று தெரியவில்லை.

உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவள் கை காதைத் தட்டியது. மேசை விளிம்பைத் தட்டியது.

அவர் காத்திருந்தார்.