பாதிச் சோறு

மாத்திரை என்றாலே விஷம் என்று துப்பிவிடுவான் சுயம்பு. அதனால் அவன் பெண்டாட்டி செண்பகம், ஆளைக் காட்டாமலேயே டவுன் டாக்டரிடம் எழுதி வாங்கிய மாத்திரையைப் பொடித்து, சுண்டவற்றல் குழம்பில் கலந்துவிடுவாள். அவன் லேசுப்பட்டவனா? பிசைந்த சோற்றில் பாதியை அவள் பக்கம் தள்ளுவான்.

“நீ மொதல்ல தின்னு, பாப்போம்.”

அவள் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அவன் கைவைப்பான். மூன்று மாதத்தில் அவன் காதுக்குள் ஏசிய குரல்கள் கொஞ்சம் அடங்கின. அவளுக்குத்தான் பகலெல்லாம் கண் செருகியது. இன்று குழம்புக் கரண்டி அவள் கையில் நடுங்கிக் கீழே விழுந்தது.

சுயம்பு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் காதோரம் குனிந்தான்.

“ஏளா, உனக்கு யாரோ சோத்துல என்னமோ கலக்காவ. நாளையிலருந்து நான்தான் பொங்குவேன்.”