வரைபடத்தின் பச்சை வட்டம்

திட்ட அதிகாரிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்வதும் எழுவதும் ஜன்னலுக்குப் போய்த் திரும்புவதுமாக இருந்தார்.

மேஜையில் நகரத்தின் அசல் வரைபடம் விரிந்திருந்தது. ஊரைச் சுற்றி ஒரு பச்சை வளையம். அந்தப் பச்சைப் பட்டைக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது.

"நாளைக்குக் கூட்டத்துல அடிச்சுச் சொல்லிடும்மா. அந்தக் கோட்டுல கை வைக்கவே கூடாது."

"நான் நேர்ல போய்ப் பாத்துட்டேன் சார்," என்றாள் புதிதாக வந்த பெண் பொறியாளர். "பச்சைக்குள்ள இருக்கறது பழைய டயர் கிடங்கு. பேருக்கு ஒரு மரம் இல்ல. நிஜக் காட்டுல பாதி கோட்டுக்கு வெளியில கிடக்கு. அங்கதான் மரத்தை வெட்டிட்டு வீடு கட்டறாங்க."

"முப்பது வருஷத்துக் கோடும்மா. வல்லுநருங்க அலசி ஆராய்ஞ்சு போட்டது."

"ஆறு வளைஞ்சு போகுது, காடு கோணலா கிடக்கு. கோடு மட்டும் எப்படி சார் இவ்வளவு அழகான வட்டம்? எந்தக் கணக்குல போட்டாங்க?"

"நீ சாப்பிடப் போகலையா?"

"நாளைக்கு என்னைத்தானே சார் பிடுங்கி எடுப்பாங்க?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பையிலிருந்து தன் பழைய சாப்பாட்டு டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி வரைபடத்தின் மேல் கவிழ்த்தார். வளையத்தின் வெளிக்கோட்டில் அது மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

"அப்ப நான்தாம்மா இங்க வரைவாளர். சாயங்காலத்துக்குள்ள வேணும்னு உயிரை எடுத்தாங்க. காம்பஸ் கிடைக்கல."